மத்தியானம் ரூமுக்குத் திரும்ப முடிகிற ஊர்: குழந்தைகளோடு பெருநகரச் சுற்றுலாவுக்கு இடம் பார்ப்பது எப்படி?

முதல் தடவை குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு பெரிய ஊருக்குப் போனபோது, பார்க்க வேண்டிய இடங்கள் என்று பதினாறு பெயர் எழுதி வைத்திருந்தேன். இரண்டாம் நாள் மத்தியானம் இரண்டரை மணி. ஒரு கோட்டையின் டிக்கெட் கவுண்டர் பக்கத்தில், கொதிக்கிற கல்தரையில், நாலு வயது மகள் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. “அம்மா, வீட்டுக்குப் போலாமா?” என்று மட்டும் கேட்டாள். நாங்கள் தங்கியிருந்த ரூம் அங்கிருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல். ஆட்டோவில் ஒன்றரை மணி நேரம். அவள் என் மடியிலேயே தூங்கி, ரூம் வாசலில் எழுந்து, இரவு பதினொன்று வரை சிணுங்கிக்கொண்டிருந்தாள். அடுத்த நாள் காய்ச்சல்.

அதற்கப்புறம் எந்த ஊரைப் பற்றிப் பேச்சு வந்தாலும் நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: காலையில் ஓர் இடம் பார்த்துவிட்டு, மத்தியானம் ஒரு மணிக்கெல்லாம் ரூமுக்கு வந்து, சாப்பிட்டு, சின்னது இரண்டு மணி நேரம் தூங்கி எழுந்து, சாயங்காலம் மறுபடி கிளம்ப முடியுமா? முடியும் என்றால் அந்த ஊர் சரி. எத்தனை இடம் இருக்கிறது என்ற கணக்கெல்லாம் அதற்குப் பிறகு. மதுரையிலிருந்து வருடத்துக்கு ஒரு தடவை இப்படிக் கிளம்பிப் பழகியதில் தெரிந்துகொண்டதை, முதல் தடவை கிளம்புகிறவர்களுக்காக வரிசையாக எழுதுகிறேன். சென்னை, பெங்களூரு, ஹைதராபாத், மும்பை, கொல்கத்தா, டெல்லி ஆகிய ஆறு ஊர்களைத்தான் மனதில் வைத்திருக்கிறேன்.

1. தேதி முதலில், ஊர் அப்புறம்

பெரும்பாலான வீடுகளில் ஊரை முடிவு செய்துவிட்டுத் தேதி தேடுகிறார்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இருந்தால் தேதி நம் கையில் இல்லை. செப்டம்பர் கடைசியில் காலாண்டு விடுமுறை, டிசம்பர் கடைசியில் அரையாண்டு, அப்புறம் கோடை. இந்த மூன்றில் எது என்று முடிவானாலே பாதி ஊர்கள் கழிந்துவிடும்.

மே மாதம் டெல்லியும் ஹைதராபாத்தும் வேண்டவே வேண்டாம். இரண்டிலும் 40 டிகிரியைத் தாண்டுகிற வெயில். சென்னையில் அக்னி நட்சத்திரம். மும்பையில் புழுக்கம், ஜூன் பிறந்தால் அடைமழை. கோடைக்கு மிஞ்சுவது பெங்களூரு ஒன்றுதான். கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருக்கிற ஊர் என்பதால் பகலில் சுட்டாலும் சாயங்காலம் காற்று மாறிவிடும். சில நாள் திடீரென்று கோடை மழை கொட்டும், ஆளுக்கொரு குடை இருக்கட்டும்.

அரையாண்டு விடுமுறைக்கு ஹைதராபாத், கொல்கத்தா, மும்பை மூன்றுமே நன்றாக இருக்கும். அந்த நேரம் டெல்லிக்குப் போகிறவர்கள் இரண்டு தடவை யோசியுங்கள். ஸ்வெட்டர் போட்டுப் பழகாத பிள்ளைகளுக்கு அந்தக் குளிரே பெரிது. அதோடு மூடுபனியில் ரயிலும் விமானமும் மணிக்கணக்கில் தாமதமாகும், காற்றும் மோசம். இருமல், வீசிங் உள்ள குழந்தை என்றால் டெல்லியை வேறு பருவத்துக்குத் தள்ளிவையுங்கள்.

காலாண்டு விடுமுறையில் மும்பையில் மழை முழுதாக விட்டிருக்காது. கொல்கத்தாவில் துர்கா பூஜை அந்த நாட்களை ஒட்டி வருகிற வருடங்கள் உண்டு. பந்தல் பார்க்க ஊரே தெருவில் நிற்கும். பெரியவர்களுக்கு அது வாழ்நாள் அனுபவம்தான், தூக்கி வைத்திருக்கிற குழந்தையோடு போகிற கூட்டம் இல்லை.

2. வீட்டிலேயே சின்னக் காலுக்குத் தகுந்த தூரம்

மூத்த பிள்ளையின் ஆசையை வைத்து ஊரைத் தேர்ந்தெடுக்கலாம். பயண நேரத்தை மட்டும் கடைக்குட்டியை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஐந்து வயதுக்குக் கீழே ஒரு குழந்தை இருந்தால் ஓர் இரவு ரயில், அல்லது அரை நாள் பகல் ரயில், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கோவையிலிருந்து 2023 கடைசியிலும் மதுரையிலிருந்து 2024 ஆகஸ்டிலும் பெங்களூருக்கு வந்தே பாரத் தொடங்கியபிறகு எங்களைப் போன்றவர்களுக்கு அந்த ஊர் பக்கமாகிவிட்டது. விடியற்காலையில் ஏறினால் மதியச் சாப்பாட்டு நேரத்துக்குப் போய்விடலாம். ஹைதராபாத்துக்குச் சென்னையிலிருந்து சார்மினார் எக்ஸ்பிரஸ் சாயங்காலம் கிளம்பிக் காலையில் சேர்க்கும். குழந்தைக்குத் தெரிந்தது எல்லாம் படுத்ததும் எழுந்ததும்தான்.

கொல்கத்தாவுக்குக் கோரமண்டல் எக்ஸ்பிரஸில் ஏறினால் சென்னையிலிருந்து 27 மணி நேரத்தை ஒட்டி ஆகும். டெல்லிக்குத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் 32 மணி நேரத்துக்கு மேல். எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகள் இதை விழாவாகவே கொண்டாடுவார்கள். கிருஷ்ணா நதியும் கோதாவரியும் வருவதை ஜன்னலோரம் பார்ப்பது அவர்களுக்குப் புவியியல் பாடம். மூன்று வயதுக்கு அது ஆடாமல் அசையாமல் அடைந்து கிடக்கிற ஒரு நாள். விமானத்தில் போகலாமே என்றால் போகலாம், செலவு கூடும். இரண்டு வயது நிறையாத குழந்தைக்குத் தனி இருக்கை தேவையில்லை என்பதால், அந்தப் பிறந்தநாளுக்கு முன்னால் போவது நல்லது.

மாவட்டங்களில் இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் எத்தனையோ தடவை போய்வருகிறோம், அதனால் சென்னையைச் சுற்றுலா ஊராகவே நாம் நினைப்பதில்லை. எழும்பூர் ஸ்டேஷனில் இறங்கினால் ஆட்டோவில் சில நிமிடத்தில் 1851-ல் தொடங்கிய அரசு அருங்காட்சியகம். கோட்டூர்புரத்தில் பிர்லா கோளரங்கமும் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பிரிவும் பக்கம் பக்கமாக. பேச்சு நம் பேச்சு, சாப்பாடு நம் சாப்பாடு. கைக்குழந்தையோடு முதல் பயணம் என்றால் இதைவிடச் சுலபமான ஊர் இல்லை, டிசம்பர் கடைசியில் போங்கள். மெரினாவில் அலையில் மட்டும் இறங்க விடாதீர்கள். அங்கே நீரோட்டம் இழுக்கும்.

3. பிள்ளைக்கு எதில் பைத்தியமோ, அந்த ஒன்று

ஒரு ஊருக்கு ஒரே ஒரு ‘பெரிய’ இடம் போதும். அதைப் பிள்ளையிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். “எங்கே போலாம்?” என்று கேட்டால் ஸ்விட்சர்லாந்து என்பான். “எதைப் பாக்கணும்?” என்று கேட்டால் உருப்படியான பதில் வரும்.

டைனோசர் என்றால் ஹைதராபாத். பிர்லா அறிவியல் மையத்தில் இருக்கிற கோட்டாசாரஸ் எலும்புக்கூடு அங்கே தெலங்கானா மண்ணில், யாமன்பள்ளி பக்கத்தில் தோண்டி எடுத்த எலும்புகளைச் சேர்த்து நிறுத்தியது. சினிமாவில் பார்த்ததெல்லாம் அமெரிக்கா என்று நினைத்திருந்த பையனுக்கு, நம் நாட்டிலும் இது நடமாடியிருக்கிறது என்பதை ஜீரணிக்க இரண்டு நாள் ஆனது.

ரயில் என்றால் டெல்லி. தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் பழைய நீராவி எஞ்சின்கள் வெளியிலேயே நிற்கின்றன. ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடிய பாட்டியாலா சமஸ்தானத்து ரயிலும் அங்கே இருக்கிறது. சுற்றிவரக் குட்டி ரயில் உண்டு. மம்மி என்றால் கொல்கத்தா இந்திய அருங்காட்சியகம். 1814-ல் தொடங்கியது. அதே ஊரில் டிராம், ஹூக்ளியில் படகு, 2024 மார்ச்சிலிருந்து அந்த ஆற்றுக்கு அடியில் ஓடுகிற மெட்ரோ. ஆற்றைக் கடக்க முக்கால் நிமிடம்தான். பென்குயின் என்றால் மும்பை பைகுல்லா மிருகக்காட்சி சாலை. மும்பைக்குப் போனால் லோக்கல் ரயிலில் ஒரு தடவை ஏறிப் பார்க்க ஆசைப்படுவார்கள். காலை பதினொன்று முதல் மூன்று மணிக்குள் ஏற்றுங்கள், அலுவலக நேரத்தில் குழந்தையோடு அந்தப் பெட்டிப் பக்கமே போக வேண்டாம்.

விமானம், எஞ்சின், பொத்தானை அழுத்தினால் ஏதாவது நடக்க வேண்டும் என்கிற ரகம் என்றால் பெங்களூரு. கஸ்தூர்பா ரோட்டில் விசுவேசுவரய்யா தொழில்நுட்ப அருங்காட்சியகம் 1962-ல் திறந்தது. ரைட் சகோதரர்கள் 1903-ல் பறக்கவிட்ட விமானத்தின் முழு அளவு மாதிரி அங்கே நிற்கிறது. “தொடாதே” என்ற பலகையை விட “அழுத்திப் பார்” என்ற பலகை அதிகம். இதிலிருந்து கப்பன் பார்க் நடக்கிற தூரம். சாயங்காலத்துக்கு லால்பாக். ஹைதர் அலி 1760-ல் தொடங்கிய தோட்டம், பெரியவர்கள் கண்ணாடி மாளிகையையும் பூக்களையும் பார்ப்பார்கள். பிள்ளைகளுக்கு அங்கே வேண்டியது அந்தப் பாறை. வழவழப்பாக மெல்ல ஏறுகிற பெரிய மொட்டைப் பாறை, உச்சியில் கெம்பேகவுடா கோபுரம். பாறையின் வயது சுமார் 300 கோடி ஆண்டு என்று சொன்னேன். மகள் செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு உள்ளங்கையையும் பாறையில் வைத்து, “பாட்டியோட பாட்டியோட பாட்டிக்கும் முன்னாடியா?” என்றாள். வெறுங்காலோடு ஏறி இறங்கியே ஒரு மணி நேரம் போய்விட்டது, டிக்கெட் எடுத்து உள்ளே போகிற எந்த இடத்திலும் அவள் அவ்வளவு நேரம் நின்றதில்லை.

4. வார விடுமுறை: இதைக் கட்டம் போட்டு எழுதுங்கள்

பயணம் கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான். ஒரு தாளில் மேலே நாட்கள், பக்கவாட்டில் இடங்கள். மூடியிருக்கிற நாளில் பெருக்கல் குறி.

டெல்லியில் செங்கோட்டை, அக்ஷர்தாம், ரயில் அருங்காட்சியகம் மூன்றுக்கும் திங்கள் விடுமுறை. ஞாயிறு இரவு போய் இறங்கினால் ஒரு நாள் வீண். கொல்கத்தாவில் இந்திய அருங்காட்சியகத்துக்கும் விக்டோரியா நினைவு மண்டபத்துக்கும் அதே திங்கள். ஹைதராபாத்தில் சாலார் ஜங் அருங்காட்சியகத்துக்கு வெள்ளி, நேரு மிருகக்காட்சி சாலைக்குத் திங்கள். பெங்களூரில் பன்னேர்கட்டா உயிரியல் பூங்காவுக்குச் செவ்வாய், நேரு கோளரங்கத்துக்குத் திங்கள். மும்பையில் எலிஃபன்டா குகைகளுக்குத் திங்கள், பைகுல்லாவுக்குப் புதன். சென்னையில் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளி, வண்டலூருக்குச் செவ்வாய். பண்டிகை நாட்களில் இது மாறுவது உண்டு, கிளம்புகிற வாரம் அந்தந்த இடத்தின் இணையதளத்தில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

கட்டம் போட்டு முடித்ததும் ஒரு நாளுக்கு ஒரே இடம் என்று வட்டம் போடுங்கள். சாயங்காலத்துக்குப் பூங்கா, ஏரி, கடைத்தெரு மாதிரி நேரக் கட்டுப்பாடு இல்லாத ஒன்று. மிருகக்காட்சி சாலையையும் அருங்காட்சியகத்தையும் ஒரே நாளில் போடாதீர்கள். இரண்டுமே நடை.

5. ரூம் எங்கே?

விலையைப் பார்ப்பதற்கு முன் மேப்பைப் பாருங்கள். வட்டம் போட்ட இடங்கள் எல்லாவற்றையும் மேப்பில் குறித்துக்கொண்டு, அவற்றுக்கு நடுவில் மெட்ரோ நிலையம் எங்கே என்று தேடுங்கள். அந்த நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் ரூம். எங்கள் பயணங்களில் பாதி வெற்றி இதில்தான் கிடைத்தது.

ஹைதராபாத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆன்லைனில் தேடினால் ஹைடெக் சிட்டி பக்கம் பளபளவென்று ஓட்டல்கள் வரும். அங்கிருந்து பழைய ஊர் இருபது கிலோமீட்டருக்குப் பக்கம், மத்தியானம் திரும்புவது என்ற பேச்சுக்கே இடமில்லை. நாங்கள் லக்டிகாபுல்லில் தங்கினோம். பிர்லா கோளரங்கம், ஹுசைன் சாகர், பழைய ஊர் எதற்கும் பத்து கிலோமீட்டருக்குள். பெங்களூரில் எம்.ஜி. ரோடு, கப்பன் பார்க், மெஜஸ்டிக் வட்டாரம். பன்னேர்கட்டா மட்டும் ஊருக்கு வெளியே. போக்குவரத்து நெரிசலில் ஒவ்வொரு பக்கமும் ஒன்றரை மணி நேரம் ஆகலாம், அந்த ஒரு நாளை முழுதாக அதற்கே கொடுங்கள்.

பதிவு செய்வதற்கு முன் ஓட்டலுக்குப் போன் போட்டுக் கேட்க வேண்டியவை: லிஃப்ட் வேலை செய்கிறதா, வெந்நீர் எந்த நேரம் வரும், கூடுதல் மெத்தைக்கு எவ்வளவு, நடக்கிற தூரத்தில் இட்லி கிடைக்குமா. முக்கியமாக, காலை எட்டு மணிக்கு ரயில் வந்தால் ரூம் அப்போதே கிடைக்குமா? பல ஓட்டல்களில் மதியம் பன்னிரண்டுக்குத்தான் கொடுப்பார்கள். இரவெல்லாம் பயணம் செய்த குழந்தையோடு வரவேற்பறை சோபாவில் நாலு மணி நேரம் உட்கார்வது கொடுமை. இருபத்துநாலு மணி நேர செக்-அவுட் உள்ள லாட்ஜ் என்றால் இந்தச் சிக்கல் இல்லை.

6. டிக்கெட்

ரயில் முன்பதிவு 60 நாள் முன்னால் திறக்கிறது. 2024 நவம்பருக்கு முன்பு இது 120 நாள், பழைய நினைப்பில் இருக்காதீர்கள். அரையாண்டு விடுமுறைக்கு அக்டோபர் கடைசியிலேயே காலை எட்டு மணிக்கு உட்கார்ந்துவிட வேண்டும். திரும்பி வருகிற டிக்கெட் கிடைக்குமா என்று பார்த்துவிட்டுப் போகிற டிக்கெட்டைப் போடுங்கள்.

ஐந்து வயது நிறையாத குழந்தைக்குத் தனி பெர்த் வேண்டாம் என்றால் கட்டணம் இல்லை. ஐந்திலிருந்து பன்னிரண்டுக்குள் பெர்த்தோடு என்றால் முழுக் கட்டணம், பெர்த் இல்லாமல் என்றால் பாதி. பாதிக் கட்டணத்தில் எட்டு வயதுப் பையனை நம் பெர்த்தில் சேர்த்துப் படுக்க வைத்தால் இருவருக்கும் தூக்கம் போகும். நான் ஒரு தடவை செய்து பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். பெரியவர்களின் ஆதாரோடு பிள்ளைகளுடையதையும் எடுத்துக்கொள்ளுங்கள், ஓட்டலில் கேட்பார்கள்.

இப்படித் தேர்ந்தெடுத்துப் போன ஒரு பயணம்

பையனுக்கு ஒன்பது, மகளுக்கு ஐந்து, அத்தைக்கு அறுபத்தாறு. அரையாண்டு விடுமுறை, அதனால் குளிர்காலம். டைனோசர் என்றான் பையன். ஓர் இரவு ரயில். ஊர் தானாக ஹைதராபாத் என்று வந்து நின்றது. சனிக்கிழமை காலை போய் இறங்கி, செவ்வாய் சாயங்காலம் ரயில் ஏறினோம்.

சனிக்கிழமை காலை எதுவும் வைக்கவில்லை. குளித்து, சாப்பிட்டு, தூக்கம். சாயங்காலம் லும்பினி பார்க்கிலிருந்து படகில் ஹுசைன் சாகர் நடுவிலுள்ள புத்தர். ஒரே கல்லில் செதுக்கிய சிலை. 1990-ல் கொண்டுபோகும்போது ஏரிக்குள் மூழ்கிவிட்டது, அந்த விபத்தில் உயிர்கள் போயின. இரண்டு வருடம் தண்ணீருக்கடியில் கிடந்ததை 1992-ல் மேலே எடுத்து நிறுத்தினார்கள். படகு நகர்கிறபோது இந்தக் கதையைச் சொன்னால், பிள்ளைகள் சிலையை விடத் தண்ணீரைத்தான் உற்றுப் பார்க்கிறார்கள்.

ஞாயிறு காலை, திறக்கிற நேரத்துக்கே கோல்கொண்டா கோட்டை. முந்நூறு படிகளுக்கு மேல், நிழல் குறைவு. எல்லோரும் ஏற வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். என் கணவரும் பையனும் மேலே, கோட்டை உச்சியிலுள்ள பாலா ஹிசாருக்குப் போனார்கள். நானும் மகளும் அத்தையும் கீழே நுழைவாசல் குவிமாடத்துக்கு அடியில். இங்கே கை தட்டினால் மேலே கேட்கும், எதிரி வந்தால் எச்சரிக்க அப்படிக் கட்டினார்கள் என்பார்கள். மகள் தட்டினாள். கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. “கேட்டுச்சு! இன்னொரு வாட்டி தட்டச் சொல்லு” என்று பையன் கத்துகிறான். கை சிவக்கும்வரை தட்டினாள். கீழேயே இருந்ததால் எதையோ தவறவிட்டோம் என்ற எண்ணம் அவளுக்கு வரவேயில்லை. பன்னிரண்டரைக்கு ரூம். சாயங்காலம் பிர்லா மையத்தில் கோட்டாசாரஸ்.

திங்கள் சாலார் ஜங். உள்ளே அத்தனை கூடங்கள் இருக்கின்றன, எல்லாவற்றையும் பார்க்க நினைத்தால் தோற்றுப்போவோம். நாங்கள் வைத்துக்கொண்டது இரண்டுதான்: முக்காடிட்ட ரெபெக்கா சிலை, இசைக் கடிகாரம். பென்சோனி என்ற இத்தாலியச் சிற்பி முக்காட்டையும் பளிங்கிலேயே செதுக்கியிருக்கிறார். துணியா கல்லா என்று அத்தை கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். கடிகாரத்துக்குப் பதினொன்றே முக்காலுக்கே போய் முன்வரிசையில் உட்காருங்கள். ஒவ்வொரு மணிக்கும் ஒரு தாடிக்காரப் பொம்மை கதவைத் திறந்து வெளியே வந்து, மணி எத்தனையோ அத்தனை அடி அடித்துவிட்டு உள்ளே போய்விடும். பன்னிரண்டு மணிக்குப் பன்னிரண்டு அடி, பிள்ளைகளுக்கு அதுதான் பெரிய காட்சி. முற்றத்தில் கூடியிருந்த அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். மகள் விரல் விட்டு எண்ணினாள், பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் அண்ணனின் விரலைக் கடன் வாங்கினாள். அது முடிந்ததும் நேரே ரூமுக்கு வந்துவிட்டோம். சாயங்காலம் சார்மினார். அங்கே கூட்டத்தில் கை விட்டுப்போகலாம், போன் நம்பர் எழுதிய சீட்டைப் பிள்ளைகளின் பாக்கெட்டில் வைத்தே கூட்டிப்போனோம்.

சாப்பாட்டுக்கு இரண்டு தெலுங்கு வார்த்தை போதும். “காரம் தக்குவ” என்றால் காரம் கம்மி. “பெருகு அன்னம்” என்றால் தயிர்சாதம். பிரியாணியைப் பெரியவர்கள் சாப்பிட, பிள்ளைகளுக்குத் தயிர்சாதம் எல்லா இடத்திலும் கிடைத்தது. வீட்டிலிருந்து பருப்புப்பொடியும் ஓஆர்எஸ் பாக்கெட்டும், நம் டாக்டர் எழுதிக்கொடுத்த காய்ச்சல் மருந்தும் கையில் இருந்தன.

செவ்வாய் காலை மிருகக்காட்சி சாலை. 380 ஏக்கர், நடந்து மாளாது, பேட்டரி வண்டியில் அத்தையையும் மகளையும் ஏற்றிவிட்டோம். ரூமை மத்தியானம் வரை வைத்திருந்ததால் திரும்பி வந்து குளித்துப் படுக்க முடிந்தது. அப்புறம் பெட்டிகளை ரிசப்ஷனில் வைத்துவிட்டு, பக்கத்து பேக்கரியில் உஸ்மானியா பிஸ்கட் ஒரு கிலோ, இரவுக்குத் தயிர்சாதம் ஐந்து பார்சல். ரயிலுக்கு ஒரு மணி நேரம் முன்பே ஸ்டேஷன் போய்ச் சேர்ந்தோம். மகள் தூங்கி எழுந்த தெளிச்சியோடு பிளாட்பாரத்தில் பெட்டி எண்களைப் படித்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.